சி.டி.டி. நடைப்பயணம்: எந்தக் கிளைப்பாதையில் போவது என்று முடிவெடுப்பது எப்படி?

மெக்சிகோ எல்லையில் தொடங்கி, ராக்கி மலைகளின் முதுகிலேயே ஏறி இறங்கி, கனடா எல்லையில் முடியும் நடைபாதை கான்டினென்டல் டிவைட் டிரெயில். நடப்பவர்கள் சி.டி.டி. என்பார்கள். நியூ மெக்சிகோ, கொலராடோ, வயோமிங், ஐடஹோ, மொன்டானா என ஐந்து மாநிலங்கள். சுமார் 5,000 கிலோமீட்டர். 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசியப் பாதையாக அறிவித்தது. ஆனாலும் முழுவதும் ஒரே கோடாகப் போட்டு முடிக்கப்பட்ட பாதை இல்லை இது. சில இடங்களில் இன்றும் சாலையோரமாகத்தான் நடக்க வேண்டும். பல இடங்களில் அதிகாரபூர்வப் பாதை ஒரு பக்கம் போகும், பெரும்பாலானோர் நடக்கும் பாதை இன்னொரு பக்கம் போகும்.

முதல்முறை திட்டமிடுகிறவர்கள் செய்வது என்ன? வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மாதத்துக்கும் நாள்வாரியாக அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அந்த அட்டவணை முதல் பனிச்சரிவிலோ முதல் காட்டுத்தீயிலோ செல்லாமல் போய்விடும். நான் சொல்லும் முறை வேறு. வீட்டில் உட்கார்ந்து பாதையை முடிவுசெய்ய வேண்டாம். பாதை பிரியும் இடங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எதைப் பார்த்து முடிவெடுப்பேன் என்று எழுதிவையுங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை அங்கே போய் முடிவுசெய்யுங்கள். இது சோம்பேறித்தனம் மாதிரித் தோன்றலாம். உண்மையில் இதற்குத்தான் அதிக உழைப்பு, ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் தயாராக வேண்டும்.

முதலில் திசையும் தேதியும்

தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்கள் பொதுவாக ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரத்துக்குள் கிளம்புவார்கள். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவை இலையுதிர்காலப் பனி மூடுவதற்கு முன், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், முடித்தாக வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர்கள் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் கிளம்பி, அக்டோபரில் கொலராடோவின் உயரமான மலைகளில் பனி விழத் தொடங்குவதற்குள் நியூ மெக்சிகோவுக்குள் இறங்கிவிடப் பார்ப்பார்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 25-இல் கிளம்பி செப்டம்பர் 20-இல் முடித்தால் கையில் இருப்பது சுமார் 150 நாள். ஊருக்குள் இறங்கி ஓய்வெடுக்கவும் சாமான் வாங்கவும் 20 நாள் கழியும். மீதி 130 நாளில் 5,000 கிலோமீட்டர் என்றால் தினம் 38 கிலோமீட்டருக்கு மேல். முதுகில் பத்துப் பதினைந்து கிலோ சுமையோடு, மலையில், முதல் நாளிலிருந்தே இது யாருக்கும் எளிதில்லை. கிளைப்பாதைகள் முக்கியமாவது இந்த இடத்தில்தான். சில கிளைகள் அழகுக்காக, சில தண்ணீருக்காக, சில வெறுமனே தூரத்தைக் குறைப்பதற்காக. எந்தக் கிளை எதற்கு என்று தெரிந்துகொள்வது பாதித் திட்டம்.

முழுப் பாதையையும் ஒரே ஆண்டில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மலைநடைக்கே புதியவர் என்றால், கொலராடோவின் காலேஜியட் மலைப்பகுதியில் மட்டும் ஒரு பயணம் போய் வாருங்கள் என்பேன். அங்கே பாதை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மேற்குப் பாதைதான் சி.டி.டி.; மரங்களே வளராத உயரத்தில் நீண்ட தூரம் போகிறது. கிழக்குப் பாதை தாழ்வானது, பெரும்பாலும் காட்டு நிழல். இரண்டையும் சேர்த்து வட்டமாக நடந்தால், உயரப் பாதையில் உங்கள் வேகம் என்ன, காட்டுப் பாதையில் என்ன என்று ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த இரண்டு எண்கள் வேண்டும்.

பிரியும் இடங்களின் பட்டியல்

மூன்று கருவிகள் போதும். கான்டினென்டல் டிவைட் டிரெயில் கோயலிஷன் என்ற அமைப்பு வெளியிடும் வரைபடங்களும் மூடல் அறிவிப்புகளும் அடிப்படை. ஃபார்அவுட் செயலியில் முதன்மைப் பாதையோடு பிரபலமான கிளைகளும், தண்ணீர் கிடைக்கும் இடங்களும், முன்னால் போனவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் இருக்கும். கால்டோப்போ தளத்தில் மலைச்சரிவு எவ்வளவு செங்குத்து என்று வண்ணத்தில் காட்டும் அடுக்கு ஒன்று உண்டு; வீட்டில் இருக்கும்போதே அதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சம உயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக்கூட இது கண்ணைத் திறந்துவிடும். எல்லாவற்றையும் போனில் தரவிறக்கி வைத்துக்கொண்டு, கடினமான பகுதிகளுக்கு மட்டும் காகிதப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் போக முடிவுசெய்துவிட்டாலும் மற்றப் பாதையின் வரைபடம் கையில் இருக்க வேண்டும். திரும்பி வர அதுதான் வழி.

ஒவ்வொரு பிரிவுக்கும் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, இரண்டு பாதையின் தூரமும் ஏற்றமும், தண்ணீர், நடுவில் வெளியேற வழி, எந்த ஊரைத் தொடுகிறது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். கிளை மாறினால் சாமான் வாங்கும் ஊரும் மாறலாம். அஞ்சலில் அனுப்பிவைத்த உணவுப் பெட்டி ஒரு ஊரில் காத்திருக்கும், நீங்கள் வேறு ஊரில் நிற்பீர்கள். அதனால் இரண்டு கிளைகளும் மீண்டும் சேர்ந்தபின் வரும் ஊருக்கே பெட்டியை அனுப்புவது நல்லது.

தெற்கு: கிலா

தெற்கு முனை க்ரேஸி குக் என்ற இடத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைநிலத்தில் இருக்கிறது. அங்கே போக லார்ட்ஸ்பர்க் ஊரிலிருந்து வண்டி ஏற்பாடு உண்டு. நடுவில் தண்ணீர் வைத்திருக்கும் பெட்டிகளும் உண்டு. நியூ மெக்சிகோவின் எல்லையோர நிலம் 2025-இல் ராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், கடைசித் துண்டில் நுழைய இப்போது என்ன விதி என்று கிளம்பும் முன் கோயலிஷனிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் பெரிய முடிவு சில்வர் சிட்டியில் வரும். அதிகாரபூர்வப் பாதை பிளாக் ரேஞ்ச் மலைகள் வழியாகப் போகிறது; தண்ணீர் குறைவு. கிளைப்பாதை கிலா ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. 1924-இல் முதன்முதலாகக் கானகப் பகுதி என்று ஒதுக்கப்பட்ட நிலம் இதுதான். தண்ணீர், நிழல், வெந்நீர் ஊற்று, பாறைக்குடைவில் பழங்குடிகள் கட்டிய வீடுகள் என எல்லாம் இருப்பதால் பெரும்பாலோர் இங்கேதான் இறங்குகிறார்கள். நானும் இதையே சொல்வேன்.

ஆனால் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்து போங்கள். பாதை ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். நூறு முறைக்கு மேல் ஆற்றைக் கடக்க வேண்டும். ஷூ காயவே காயாது. மே மாதக் காலையில் தண்ணீர் எலும்பு வரை குளிரும். வழக்கமான வேகத்தில் பாதிதான் வரும் என்று வைத்து உணவு எடுத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க ஒரே அளவுகோல் ஆற்றின் நீர்வரத்து. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை கிலா ஆற்றில் அளவுமானி வைத்து, அன்றாட அளவை இணையத்தில் போடுகிறது. சில்வர் சிட்டியில் இருக்கும்போது கடந்த ஒரு வாரத்து வரைகோட்டைப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டே போகிறது, மேலே பனி உருகுகிறது என்றால் இரண்டு நாள் பொறுங்கள், அல்லது மேட்டுப் பாதையில் போங்கள். ஆற்றில் இறங்கும் இடத்திலும் ஒரு விதி வேண்டும்: தண்ணீர் தொடைக்கு மேல் வந்து இழுப்பும் இருந்தால் கடப்பதில்லை. இறங்கும் முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களைத் தண்ணீருக்குள் அழுத்தக்கூடாது.

தீயையும் மறக்கக்கூடாது. 2022 வசந்தத்தில் நியூ மெக்சிகோவில் பெரும் காட்டுத்தீ பரவியபோது பல தேசியக் காடுகள் முழுவதுமாக மூடப்பட்டன; பிளாக் ரேஞ்ச் பக்கமும் எரிந்தது. அப்படி ஒரு ஆண்டில் அழகான பாதை எது என்ற கேள்விக்கே இடமில்லை. திறந்திருக்கும் பாதை எதுவோ அதுதான் பாதை.

கொலராடோ: சான் வான் மலைகளின் பனி

மொத்தப் பயணத்திலும் வடக்கே போகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. சாமா என்ற சிற்றூருக்கு மேலே, சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் கம்ப்ரஸ் கணவாய். அதற்கு வடக்கே சான் வான் மலைகள். ஜூன் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்வீர்கள். மேலே பனி இன்னும் கிடக்கும்.

உங்கள் முன் நான்கு வழிகள். பனிக்கோடரியும் ஷூவின் அடியில் மாட்டும் முள்தகடுகளும் எடுத்துக்கொண்டு நேராகப் போகலாம். ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருக்கலாம். தாழ்வான கிளையில் போகலாம். இல்லையென்றால் வண்டி பிடித்து வயோமிங்குக்குப் போய் அங்கே நடந்துவிட்டு, பனி உருகியபின் இங்கே திரும்பலாம்.

தாழ்வான கிளை என்றதும் எல்லோரும் சொல்வது க்ரீட் குறுக்குவழி. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது உல்ஃப் க்ரீக் கணவாய்க்கு அப்பால்தான் பிரிகிறது. மேற்கே போகும் பெரிய வளைவைத் தவிர்த்து, க்ரீட் ஊர் வழியாகப் போய்ச் சேர்கிறது. தூரமும் நன்றாகக் குறையும். கம்ப்ரஸ் கணவாயிலிருந்து உல்ஃப் க்ரீக் கணவாய் வரையிலான தெற்கு சான் வான் பகுதியை அது தவிர்ப்பதில்லை. “நான் க்ரீட் வழியாகப் போகிறேன், பனிக்குப் பிரச்சினை இல்லை” என்று சாமாவில் நம்பிக்கையோடு கிளம்புகிறவர், அடுத்த சில நாள் முழுக்கப் பனியில்தான் நடப்பார்.

சரி, எதைப் பார்த்து முடிவெடுப்பது? ஸ்னோடெல் என்ற தானியங்கிப் பனியளவு நிலையங்கள் இந்த மலைகளில் இருக்கின்றன. பனியில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது அந்தத் தேதிக்கு வழக்கமான அளவில் எத்தனை சதவீதம் என்று அவை காட்டும். மே நடுவிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தால் பனி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பிடிபடும். அப்புறம் சரிவு வரைபடம். பனிச்சரிவு அதிகம் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில். உங்கள் பாதைக் கோடு அந்த வண்ணத்தைக் குறுக்கே வெட்டுகிற இடங்களை எண்ணுங்கள். அந்த இடங்களில் பாதையே பனிக்கடியில் மறைந்து சாய்தளமாகியிருக்கும். வழுக்கினால் கீழே எங்கே போய் நிற்பீர்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, உங்கள் திறமை. பனியில் வழுக்கும்போது கோடரியைக் குத்தி உடம்பை நிறுத்தும் பயிற்சியை ஆளைவைத்துக் கற்றுக்கொண்டு, பலமுறை செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதல் வழி உங்களுக்கு இல்லை. கோடரியை வாங்கி முதுகுப்பையில் மாட்டிக்கொள்வதால் அந்தத் திறமை வந்துவிடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போவது என்று முடிவானால், இருட்டிலேயே எழுந்து நடையைத் தொடங்குங்கள். இரவில் உறைந்த பனி காலையில் கெட்டியாக இருக்கும், முள்தகடு பிடிக்கும். மதியத்துக்கு மேல் இளகி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு வரை புதையும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பனி போனபின் கொலராடோவில் வருவது இடி. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலானால் இடியும் மின்னலும் கிட்டத்தட்ட வாடிக்கை. இங்கே மரங்கள் சுமார் 3,500 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒளிய இடமில்லை. பாதையின் உச்சி கிரேஸ் பீக், சுமார் 4,350 மீட்டர். இப்படிப்பட்ட நாட்களில் மதியத்துக்குள் மரங்களுக்குள் இறங்கும்படி முகாமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்சிக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்பது முந்தைய நாள் எங்கே படுத்தீர்கள் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பர்மிட் விஷயம் சுருக்கமாக: இந்தியன் பீக்ஸ் பகுதியில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை இரவு தங்க அனுமதி வேண்டும். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் ஆண்டு முழுவதும் வேண்டும். நேரம் குறைவென்றால், கிராண்ட் லேக் ஊரருகே பூங்காவுக்குள் போய்வரும் வளைவை விட்டுவிட்டு மேலே போகிறவர்களும் உண்டு.

வயோமிங்: ஒரு முடிவை எழுதிப் பார்ப்போம்

வயோமிங்கின் தெற்கில் கிரேட் டிவைட் பேசின் என்ற பெரும் பள்ளநிலம். இங்கே விழும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை. வெட்டவெளி, காற்று, தூரத்துக்குத் தூரம் ஊற்று. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்ற கணக்கை வைத்துத் தண்ணீரைச் சுமந்து வேகமாகக் கடந்துவிடுங்கள்.

அதன்பின் விண்ட் ரிவர் மலைகள். இங்கே அதிகாரபூர்வப் பாதை கொஞ்சம் தாழ்வாகப் போக, இரண்டு புகழ்பெற்ற கிளைகள் உயரத்துக்கு ஏறுகின்றன. முதலாவது சர்க் ஆஃப் த டவர்ஸ். ஜாக்கஸ் கணவாய் ஏறி, கருங்கல் கோபுரங்கள் சூழ்ந்த லோன்சம் ஏரிக்கு இறங்கி, டெக்சஸ் கணவாய் வழியாக வெளியே வரும். டெக்சஸ் கணவாய் செங்குத்து, உதிரிக்கல். ஆனால் நல்ல வானிலையில் நிதானமாகப் போனால் பெரும்பாலோரால் முடியும். இரண்டாவது நாப்சாக் கோல்; கோல் என்றால் இரண்டு சிகரங்களுக்கு நடுவே உள்ள தாழ்வான இடைவெளி. அது ஒரு படி கடினம். அதற்கு என் குறிப்பேட்டில் எழுதுவது இப்படி இருக்கும்:

பிரியும் இடம்: ஐலண்ட் லேக் பக்கம் திரும்பும் பாதை. டிட்கம் பேசினுக்குள் போய், கோல் ஏறி, பீக் லேக் இறங்கி, கிரீன் ரிவர் பள்ளத்தாக்கில் மீண்டும் முதன்மைப் பாதை. உயரம் 3,700 மீட்டருக்குச் சற்று மேல். வெளியேறும் வழி: ஏறும் முன் என்றால் எல்கார்ட் பார்க் வழியாகப் பைன்டேல் ஊர், தாண்டியபின் என்றால் கிரீன் ரிவர் பக்கம்தான்.

நேரக்கணக்கு: டிட்கம் பேசினின் மேல் ஏரிகளிலிருந்து கோலுக்கு சுமார் 4 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வரும். ஆனால் மேலே பாதை மறைந்து, பெரும்பாறைகளின் மேல் கைவைத்து ஏற வேண்டும். அதனால் இரண்டு மடங்குக்கு மேல் வைத்து, 4 மணி. காலை 6-க்குக் கிளம்பினால் 10 மணிக்கு மேலே.

போகலாம் என்றால்: முந்தைய இரவு பேசினிலேயே முகாம், காலையில் வானம் தெளிவு, கோலுக்குக் கீழே உள்ள பனித்திட்டு கால் பதியும் அளவுக்கு இளகியது, அல்லது கையில் முள்தகடு இருக்கிறது. திரும்பலாம் என்றால்: 11 மணிக்குள் மேலே சேரவில்லை, அல்லது மேகம் கறுக்கிறது, அல்லது பனி கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது, முள்தகடு இல்லை. திரும்பினால் ஒரு நாள் போகும், ஆகவே ஒரு நாள் உணவு கூடுதல்.

அவ்வளவுதான். அரைப் பக்கம். ஆனால் களைத்துப்போய், எதிரே கோல் கண்ணுக்குத் தெரிகிறபோது, “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று மனம் இழுக்கும். அப்போது நிதானமாக யோசிக்க முடியாது. நிதானமாக இருந்தபோது எழுதியதைப் படிக்க முடியும். இருவராகப் போனால், யாராவது ஒருவர் திரும்பலாம் என்றாலே இருவரும் திரும்புவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வடக்கு: அனுமதியும் கரடியும்

யெல்லோஸ்டோன், கிளேசியர் இரண்டு தேசியப் பூங்காக்களிலும் முகாம் இடமும் தேதியும் குறித்து அனுமதி வாங்க வேண்டும். அங்கே மட்டும் விருப்பம்போலக் கிளை மாற முடியாது. அதனால் பூங்காவுக்கு முந்தைய பகுதியில் ஒன்றிரண்டு நாள் தளர்வு வைத்துத் தேதி கேளுங்கள். வடக்கு வயோமிங் தொடங்கி மேலே முழுக்க கிரிஸ்லி கரடிகளின் நிலம். கரடி ஸ்பிரே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

ஐடஹோ-மொன்டானா எல்லையில் முதன்மைப் பாதை மேற்கே பெரிய வளைவு எடுக்கிறது. தேதி பின்தங்கியிருந்தால் தூரத்தை மீட்கும் கிளைகள் இங்கேதான்: மேக்ஸ் இன், பிக் ஸ்கை, அப்புறம் அனகொண்டா. இவற்றில் சாலைநடை உண்டு. ஆகஸ்ட் கடைசியில் கணக்குப் பார்த்து, கிளேசியருக்கு செப்டம்பர் நடுவில் சேர முடியாது என்றால் மட்டும் எடுங்கள். பாப் மார்ஷல் கானகத்தில் சைனீஸ் வால் என்ற நீண்ட சுண்ணாம்புக்கல் செங்குத்துச் சுவரை ஒட்டி நடக்கும் பகுதியை அவசரத்துக்காக விட்டுவிடாதீர்கள். தூரத்தை வேறு எங்காவது குறைத்துக்கொள்ளலாம்.

கடைசி முடிவு, கனடா எல்லையைத் தொடுவது வாட்டர்டன் ஏரிப் பக்கமா, சீஃப் மவுண்டன் பக்கமா என்பது. உயரப் பாதையில் புதுப்பனி விழுந்திருந்தால் சீஃப் மவுண்டன் எளிது. ஆனால் அங்குள்ள எல்லைச் சாவடி கோடைப் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும். மூடும் தேதியைக் கிளேசியருக்குள் நுழையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஊரிலும்

குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்தபின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த ஊர் வரையிலான மூடல் அறிவிப்பு, தீ வரைபடம், வானிலை, ஃபார்அவுட்டில் கடைசி ஒரு வாரத்தில் எழுதப்பட்ட தண்ணீர்க் குறிப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள்: அடுத்து வரும் பிரிவு எது, எந்தக் கிளையில் போகும் எண்ணம், மாறினால் எது, எந்தத் தேதி வரை செய்தி இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம், எந்தத் தேதிக்குமேல் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும். செயற்கைக்கோள் செய்திக்கருவி வைத்திருந்தால், பிரியும் இடத்தில் நின்று “இடது” அல்லது “வலது” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நடையைத் தொடருங்கள். தேட வேண்டி வந்தால் எந்தப் பள்ளத்தாக்கில் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.